குதிரைப் பந்தயமும் திறக்காத டேட்டாபேஸும்

ஜூலை 9

குதிரைப்பால் குமிஸ் நன்றாகப் புளித்திருக்கிறது. கடைந்தது என் மனைவி குல்பரா. மேற்பார்வை நான்.

சனிக்கிழமை பந்தயம். குதிரைகள் வந்து சேரும் வரிசையை என் அக்கா மகள் ஜிபெக்கின் லேப்டாப் சொல்லப்போகிறது என்று ஏழு மேய்ச்சல் வெளிகளுக்கும் குதிரையேறிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். சரி, மூன்று.

ஜூலை 10

திறக்கவில்லை.

போன வருஷம் ஒவ்வொரு குதிரையையும் டிஸ்க்கில் எழுதி எழுதி லேப்டாப் திணறிப்போனது. செவலைக் குதிரைகளாகவே ஒரு கூட்டம் வந்து நுழைய, எது யாருடையது என்று அடிதடி, இரண்டு பேருக்குப் பல் போனது. அதனால் இந்த முறை டேட்டாபேஸை முழுக்க மெமரியிலேயே வைத்து, பந்தயம் முடிந்ததும் டிஸ்க்கில் இறக்குவதாக ஏற்பாடு. கிட்டத்தட்ட என் யோசனை. ஆனால் திறக்கப் போன உடனே புரோகிராம் விழுந்துவிடுகிறது.

தலைமை நடுவர் தொக்தொசுன் வந்து பார்த்தார். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பாப்பேன். ஓடலன்னா பழையபடி சாக்பீஸோட நானே நிப்பேன்."

தலைநகர் பிஷ்கெக்கில் இருந்த கம்பெனி வேலையை விட்டு அனுப்பியதிலிருந்தே ஜிபெக் அதிகம் பேசுவதில்லை. இன்று பேசினாள். "இதுவும் ஓடலன்னா தோழியோட தையல் கடைக்குப் போயிடறேன் மாமா. இந்த வேலை எனக்கு ஒத்துவரல." அவள் பை கூடாரத்து வாசலோரமே நிற்கிறது. வசந்தத்தில் வந்த நாளாகப் பிரிக்கவேயில்லை.

ஜூலை 11

விழுகிறது. நான் ஒரு தட்டு தட்டிப் பார்த்தேன். அப்போதும் விழுகிறது.

ஜூலை 12

எழுத்து கோணலாக வருகிறது. மலைக் குளிர்.

மெமரி போதவில்லையோ என்று ஜிபெக் நேற்றெல்லாம் அதையே குடைந்தாள். இன்று காலை, திறக்கும் வரிக்கு முன்னால் "ஒன்று", பின்னால் "இரண்டு" என்று காட்டச் சொல்லி ஓடவிட்டாள். "இரண்டு" வராது என்று தெரியும். "ஒன்று" கூட வரவில்லை. டேட்டாபேஸைத் தொடுவதற்கு முன்பே விழுகிறது!

அதற்கும் முன்னால் என்ன இருக்கிறது? கூடாரம் அடிப்பவன் முதலில் தரை ஈரமா என்று பார்க்க வேண்டும் என்று வசந்தத்தில் நான்தான் அவளுக்குச் சொன்னேன். அதை அப்படியே எழுதியிருக்கிறாள். திறக்கும் முன் டேட்டாபேஸ் இருக்கும் ஃபோல்டரைத் தேடி, அங்கே இடம் இருக்கிறதா என்று புரோகிராம் பார்க்கும். மெமரியில் இருப்பதற்கு ஏது ஃபோல்டர்?

"தரையப் பாருன்னு யாரு மாமா சொன்னது?"

"நல்ல யோசனைதானே?"

"டிஸ்க்குக்கு நல்லதுதான். இது அந்தரத்துல அடிச்ச கூடாரம். தரையத் தேடித் தேடியே விழுந்து சாகுது."

வெளியே பால் கறந்துகொண்டிருந்த குல்பரா, "அப்போ ரெண்டு நாளா தேடின ஓட்டை இந்த மனுஷன் வாய்தானா?" என்றாள். எனக்குக் காது அடைத்திருந்தது, கேட்கவில்லை.

மெமரி என்றால் தரை பார்க்காதே என்று ஒரு வரி சேர்த்தாள். திறந்தது. மூடி மறுபடி திறந்தாள். மறுபடியும் திறந்தது. ஜிபெக் சிரித்தாள். இந்த முறை மலைக்கு வந்தபிறகு இப்போதுதான். அப்பாடா. எனக்குக் கண்ணில் புகை பட்டுவிட்டது. அடுப்பு எரியவில்லை, ஆனாலும் பட்டது.

ஜூலை 13

மேகம் இறங்கிவந்து பார்க்கிற மாதிரி பந்தயம். ஆயிரம் குதிரைகள் இருக்கும். தொக்தொசுன் நாற்பது என்பார், அவருக்கு எண்ணத் தெரியாது. இந்த வருஷமும் செவலைகள் கும்பலாகவே வந்தன. ஜிபெக் தட்டத் தட்ட வரிசை வந்துகொண்டே இருந்தது. தொக்தொசுன் திரையைப் பார்த்தார், சாக்பீஸைப் பையில் போட்டுக்கொண்டார். யார் பல்லும் போகவில்லை.

தவற்றைப் பிடித்தது நான் என்று விருந்தில் சொன்னேன். பொய் என்று சொல்லிவிட முடியாது. அந்த வரி என்னிடமிருந்துதானே போனது.

ஜூலை 15

மழை. தொக்தொசுன் நனைந்துகொண்டே வந்தார், ஜிபெக்கைத் தேடி. இலையுதிர்காலப் பந்தயத்துக்கும் அவள்தான் வேண்டுமாம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவரை வழியனுப்பிவிட்டு உள்ளே வரும்போது, வாசலில் அவள் பை இடறுமே என்று காலைத் தூக்கி வைத்தேன். பை இல்லை. மெத்தை அடுக்கில், எல்லாவற்றுக்கும் அடியில், காலியாக மடிந்து கிடக்கிறது.