பாலத்திலிருந்து விழுந்தது பொம்மை இல்லை

14 ஜூலை 1952, திங்கள்

ஆசீர்வாதம் இன்றும் கஞ்சியைத் தொடவில்லை. இடுப்பு முறிந்து படுத்த நாளில்கூடச் சாப்பிட்டவன். நேற்று மூத்தவன் வேதமாணிக்கம் பேப்பரைச் சத்தமாக வாசித்ததிலிருந்துதான் இப்படி.

'துப்பாக்கித் துளசி' படத்தைப் பேப்பர்காரன் கிழித்திருக்கிறான். கதையே இல்லையாம். குதிரை மாடிப்படி ஏறுகிறதாம். கதாநாயகி பாலத்திலிருந்து ரயில்மேல் குதிக்கிற இடத்தில் துணிப் பொம்மையைப் போட்டிருப்பது குழந்தைக்கும் தெரியுமாம்.

பொம்மையா? புடவை கட்டி, சவுரி வைத்து, அவளுக்குப் பதிலாகக் குதித்தவன் என் இளையவன் ஆசீர்வாதம். வைக்கோல் பரப்பிய பெட்டி தப்பி, அடுத்த பெட்டியின் இரும்பு விளிம்பில் விழுந்தான்.

மூத்தவன் கேட்டான்: "பொம்ம செய்யுத வேலைக்கா லே இடுப்ப ஒடிச்சிக்கிட்டு வந்த?"

சாகிறவரை மறக்கமாட்டேன். பேப்பர்காரன் யாரோ. இவன் நான் பெற்றவன்.

17 ஜூலை, வியாழன்

அரைத் தம்ளர் மோர். சுவரைப் பார்த்தே கிடக்கிறான். கேட்டால், "பொம்மைக்கு எதுக்கும்மா சோறு?" என்கிறான்.

19 ஜூலை, சனி

படம் திருவொற்றியூர் டெண்டுக் கொட்டகைக்கே வந்துவிட்டது. மீன்காரி குப்பம்மா கூப்பிடுகிறாள். "வா ஆயா, நம்ம புள்ள எப்டி குதிக்கிதுன்னு பாத்துகினு வர்லாம்."

சினிமா பார்த்தவர்கள் திருவிருந்தில் அப்பமும் திராட்சரசமும் வாங்க எழுந்து போகக்கூடாது, பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கள் சபையில் போதகர் ஐயர் வைத்த கட்டு இது. சபையே திரும்பிப் பார்க்கும். இந்த வயதுவரை நான் அப்படி உட்கார்ந்ததில்லை.

ஆண்டவரே, என்ன செய்ய?

22 ஜூலை, செவ்வாய்

நேற்றுப் போய்விட்டேன். தரை டிக்கெட், மணல்.

குதிரை மாடிப்படி ஏறியது. ஏறட்டுமே! எவ்வளவு அழகாக ஏறியது. துளசி ஒரே துப்பாக்கியால் ஏழு பேரைச் சுட்டாள். ஏழு பேரும் அயோக்கியர்கள், ஒருவன்மேலும் எனக்கு இரக்கம் வரவில்லை. அதில் ஒருவன் அந்தப் பேப்பர்காரன் என்று வைத்துக்கொண்டேன்.

பிறகு பாலம். புடவை பறக்க ஓடி வந்த உருவம், குதிக்குமுன் வலது உள்ளங்கையைத் தொடையில் துடைத்தது. சின்னதில் கிணற்றில் குதிக்கும்போதும் ஆசீர்வாதம் இப்படித்தான் துடைப்பான். பொம்மை கை துடைக்குமா?

பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "டேய், பொம்மய வுட்டான்டா!" கொட்டகையே சிரித்தது.

நான் எழுந்துவிட்டேன். "என் புள்ளலே அது! இடுப்பொடிஞ்சி வீட்ல கெடக்கான், வந்து பாருங்கலே!"

சிரிப்பு நின்றது. "இன்னா ஆயா சொல்றே, மெய்யாலுமா?" என்றான் அவன்.

நான் திரையைப் பார்த்தேன். விழுந்தவன் என் பிள்ளை. எழுந்து சண்டை போட்டவள் துளசி.

வீட்டுக்கு வந்து ஆசீர்வாதத்திடம் சொன்னேன், கை துடைத்ததைப் பார்த்தேன் என்று.

"அது படத்துல தெரியுதாம்மா?" இத்தனை நாளில் முதல் தடவையாகச் சுவரைவிட்டுத் திரும்பினான்.

26 ஜூலை, சனி

டெண்டில் கத்தியவன் ஹார்பர் கூலியாம், பெயர் ஹுமாயூன். மூன்று பேரைக் கூட்டிவந்து வாசலில் நின்றான். ஆசீர்வாதத்தைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிப்போய் டெண்டில் இறக்கினார்கள். அவன் சிரித்ததை நான் மன்னிக்கவில்லை. ஆனால் கட்டிலைச் சாயாமல் பிடித்தான், அதையும் சொல்ல வேண்டும்.

பாலம் வந்தபோது ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. பிறகு ஒரே விசில்.

"சவுரி கோணலா இருந்துச்சேம்மா," என்றான் ஆசீர்வாதம். வீட்டுக்கு வந்ததும் ரசம் சோறு கேட்டான்.

கட்டில் தெருவில் போனதை மூத்தவன் கடை வாசலில் நின்று பார்த்தான். கூட வரவில்லை. இதையும் எழுதி வைக்கிறேன்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

திருவிருந்து. எல்லாரும் எழுந்து போனார்கள். நான் பெஞ்சில். கழுத்தெல்லாம் சுட்டது, ஆனாலும் தலை குனியவில்லை.

ஆண்கள் பக்கமும் பெஞ்சுகள் காலி. நடுவில் ஒரே ஒரு தலை மிச்சம். வேதமாணிக்கம்.

படத்துக்கு என்றைக்குப் போனான், யாரோடு போனான், சொல்லவில்லை. வரும் வழியில் மெதுவாகக் கேட்டான். "அந்த இரும்பு மேலயாம்மா விழுந்தான்?"

"அவன்கிட்டயே கேளு லே," என்றேன்.

இப்போது உள்ளறையில் இரண்டு பேர் குரலும் கேட்கிறது. மூத்தவனைப் பற்றி ஜூலையில் எழுதியதை அடிக்கமாட்டேன். அதற்குக் கீழே இதையும் எழுதிவிட்டேன்.