வாசல்காரி எண்ணிய விரல்கள்

ஓசூர்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து

அன்பு மகள் எஸ்லினுக்கு அப்பா சூசை எழுதுவது. ஆண்டவர் இரக்கத்தில் நான், அம்மா, தம்பி ஜாக்சன் மூன்று பேரும் சுகம். பின்லாந்தில் இப்போது பகலே சரியாக இல்லை என்கிறாய், அந்த இருட்டிலும் நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு பூசையிலும் கேட்டுக்கொள்கிறோம். இங்கே மழை ஓய்ந்து பனி இறங்கிவிட்டது. தேன்கனிக்கோட்டை மாமாவின் ராகிக் கொல்லையில் யானை புகுந்து பாதியை மிதித்துவிட்டது, மிச்சத்தை அவசர அவசரமாக அறுத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, மாத்திரை போடச் சொன்னால் மட்டும் காது கேட்பதில்லை.

நீ அனுப்பிய விண்வெளி நாவலை ஜாக்சன் அச்செடுத்துக் கொடுத்தான், இரண்டு முறை படித்துவிட்டேன். பூமியை விட்டுக் கிளம்பி முந்நூறு வருடமாகக் கப்பலிலேயே பிறந்து கப்பலிலேயே சாகிற சனங்கள், அவர்களுக்கு ஒரு சாமி, பெயர் வாசல்காரி. ஷிப்ட் மணி அடித்ததும் எல்லாரும் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நின்று இரண்டு கையையும் விரித்து அவளுக்குக் காட்ட வேண்டும், பத்து விரலும் இருந்தால்தான் உள்ளே போகலாம். ஏன் காட்டுகிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. படிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆனால் கூடவே நீ எழுதியிருந்த குறிப்புதான் பிடிக்கவில்லை. இந்த வழிபாடு பூமியில் எந்த மதத்திலிருந்து வந்ததென்றே புரியவில்லை, நம்பும்படி இல்லை, அந்த அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள் என்று பதிப்பாளர் சொல்கிறார், யோசித்துப் பார்த்தால் எனக்கே தெரியவில்லை, எடுத்துவிடலாமா அப்பா, நாலு பேரிடம் கேட்டு வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறாய். எடுக்காதே. ஒரு வரிகூட எடுக்காதே.

நீ சொன்னபடி கேட்டுப் பார்த்தேன். பங்குசாமியார், பூசையில் குருவானவர் கை விரித்து நிற்பதுதான் போகப்போக இப்படி ஆகியிருக்கும், சந்தேகமே வேண்டாம் என்றார். என்னோடு வேலை பார்த்த கங்கப்பன், காலையில் எழுந்ததும் உள்ளங்கையில் சாமியைப் பார்ப்பது எங்கள் வழக்கமாச்சே, உன் மகள் எங்களைத்தான் எழுதியிருக்கிறாள் என்று மார்தட்டினார். டீக்கடை பாய் சிரித்துக்கொண்டு, நாங்கள் துவா கேட்பதே கை ஏந்தித்தான் என்றார். ஆளாளுக்குத் தங்கள் பக்கம் இழுத்தார்கள். நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன், எனக்குத்தான் விடை தெரியுமே.

உனக்கு அப்போது மூன்று வயது. நான் கம்பெனியில் தகடு வெட்டுகிற பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். நம் தெருவில் பிரஸ் ஓட்டியவர்களில் பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு விரல் குறை. அதனால் ஷிப்ட் முடிந்து நான் வந்ததும் அம்மா வாசலை மறித்து நிற்பாள், இரண்டு கையையும் விரித்துக் காட்ட வேண்டும், பத்தையும் தொட்டு எண்ணிவிட்டுத்தான் வழி விடுவாள். அவள் இடுப்பில் இருந்தபடி நீயும் எண்ணுவாய், ஏழுக்கு அப்புறம் நேராகப் பத்துக்குத் தாவிவிடுவாய். இது எந்த வேதத்திலும் இல்லை கண்ணு, உன் அம்மா பவுலினா போட்ட சட்டம். உன் கப்பல் சனங்களைப் போலவே நீயும் மறந்துவிட்டாய்.

ஒரே ஒரு இடத்தில் தப்புப் பண்ணியிருக்கிறாய். ஒன்பது விரல்காரன் ஒருவனைக் கடைசிவரை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டாய். அதைப் படித்தபோது எனக்கு மனசு வலித்தது, மறைக்கவில்லை. என் இடது கைச் சுண்டுவிரல் பிரஸ்ஸில் போனது உனக்குத் தெரியும், நானேதான் அவசரப்பட்டுக் கை விட்டேன். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நீ காவேரிப்பட்டினத்தில் பெரியம்மா வீட்டில் இருந்தாய், அதனால் வாசலில் நடந்தது உனக்குத் தெரியாது. கட்டுப் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றேன். அம்மாவுக்கு என்ன கணக்குச் சொல்வேன் என்று அவ்வளவு வெட்கம். அம்மா விடவில்லை, கையை மெதுவாக முன்னால் இழுத்து, அழுதுகொண்டே ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒம்போது இருக்குதில்ல, போதும். உள்ள வாங்க, சோறு ஆறுது" என்றாள். அன்றோடு எண்ணுவதை விட்டுவிட்டாள், நீயும் கேட்கவில்லை.

அவள் எண்ணியது யாரையும் வெளியே நிறுத்துவதற்கு அல்ல, பயத்தில் எண்ணினாள். முந்நூறு வருடத்தில் அந்தப் பயம் மறந்துபோய் எண்ணிக்கை மட்டும் மிஞ்சியிருக்கிறது, அவ்வளவுதான். பூமியில் எங்கிருந்து வந்தது என்று கேட்கிற பதிப்பாளருக்கு ஓசூரில் ஒரு வாடகை வீட்டு வாசலிலிருந்து என்று தைரியமாகச் சொல். அந்த ஒன்பது விரல்காரனையும் உள்ளே கூப்பிட்டுச் சோறு போடு.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். நான் என்ன சாமியா, அப்படியெல்லாம் எண்ணினதே இல்லை என்று சடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, அந்த ஊர்க் குளிரில் விரல் மரத்துக் கறுத்துப்போகுமாமே என்று கேட்டாள். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கைவேலையை ஆசீர்வதிப்பாராக. வெள்ளிக்கிழமையை மறந்துவிடாதே. அடுத்த வீடியோ காலில் பேச்செடுக்கும் முன் கையுறையைக் கழற்றிவிட்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டச் சொல்கிறாள் அம்மா.

இப்படிக்கு,
உன் அப்பா
சூசை