ஒன்றரை மணி நேரத் தூரம்

அண்ணா,

நலம் விசாரித்துத் தொடங்குவதுதான் முறை. நீ நலமாக இருப்பது நேற்று போனில் சிரித்த சிரிப்பிலேயே தெரிந்தது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். மெயிலில் எழுதக் காரணம், நீ அழைத்ததுமே அப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிவிடுகிறார். அவர் காதுபட உன்னைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

முதல்முறை நீ புறப்பட்டபோது அப்பா உன் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தாரே, நினைவிருக்கிறதா? காலை பத்துக்குப் புறப்பாடு, பதினொன்றரைக்கு இறக்கம் என்று போட்டிருந்தது. பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தே தலை நரைத்தவர். வந்த நேரத்திலிருந்து புறப்பட்ட நேரத்தைக் கழிப்பதுதான் அவர் பிழைப்பு. கழித்தார். ஒன்றரை மணி நேரம் என்றார். பத்து என்பது நம் ஊர் மணி, பதினொன்றரை அந்த ஊர் மணி என்று நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஆமாப்பா, கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடுவேன்" என்றாய். அம்மா அழுகையை நிறுத்தினாள். அன்றைக்கு அது பெரிய மனதாகத்தான் தெரிந்தது.

இப்போது அப்பாவின் காலில் வந்து நிற்கிறது.

சர்க்கரையால் வந்த புண். கட்டைவிரலை எடுத்துவிட்டால் பாதம் தப்பிக்கும், வெள்ளிக்கிழமையைத் தாண்டினால் பாதத்துக்கு உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா அசைய மாட்டேன் என்கிறார். "பையன் வந்து கையெழுத்துப் போடட்டும். அவன் என்ன சந்திரமண்டலத்துலயா இருக்கான்? ஒன்றரை மணி நேரம்." தினமும் அந்தப் புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டு அச்சகத்துக்கு ஓடுகிறவள் நான். என் கை புண் கழுவ ஆகும், கையெழுத்துக்கு ஆகாது.

சொல்லிப் பார்க்காமல் இல்லை. உலக வரைபடத்தை விரித்து, நடுவில் கிடக்கும் கடலைக் காட்டினேன். பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், பதினைந்து மணி நேரம் பறக்க வேண்டும் என்றேன். "அங்கயே இருக்கறவன் ஒண்ணு சொல்றான், புஸ்தகத்துல பாத்தவ ஒண்ணு சொல்றா" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். நீ ஊருக்கு வந்த டிக்கெட்டைத் தேடி எடுத்து, இதில் கழித்தால் இருபத்தெட்டரை வருகிறதே என்று மடக்கினேன். கொஞ்சமும் அசரவில்லை. "அது வழியெல்லாம் நின்னு ஆள் ஏத்திக்கிட்டு வர்ற வண்டி. இந்தத் தடவ பாயிண்ட் டு பாயிண்ட்ல ஏறச் சொல்லு" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. அதற்கும் சேர்த்துத்தான் உன்மேல் கோபம்.

நேற்றும் நீ "இந்த வாரம் பாத்துட்டு வந்துடறேன்ப்பா" என்றாய். புண் வந்த நாளிலிருந்து இதே 'இந்த வாரம்'தான். லீவு கிடைக்கவில்லையா, விசாவில் ஏதும் சிக்கலா, மனமே இல்லையா, தெரியாது. கேட்கவும் மாட்டேன். துருவிக் கேட்கும் பழக்கம் நம் இருவருக்குமே கிடையாது. ஆனால் நீ போனை வைத்ததும் அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா போய் வாசல் தாழ்ப்பாளை விலக்கி வைத்தாள். அங்கே நின்று அதைப் பார்த்தவள் நான். இத்தனை படித்தும் அந்த நேரத்தில் எனக்குக் கெட்ட வார்த்தைதான் வந்தது.

இன்று கிளம்பினால் வியாழனுக்குள் வந்துவிடலாம். வா. முடியாதென்றால் இன்றைக்கே அவரை அழை. "அது பொய்ப்பா, ரொம்ப தூரம், என்னால வர முடியல, தங்கச்சி போடட்டும்" என்று உன் வாயால் சொல். நான் சொன்னால் எடுபடாது, நீ சொன்னால் வேதம். உன் பெயர் கொஞ்சம் கெடும். கெடட்டும், அவர் நடப்பார்.

நீ எங்கிருந்தாலும் நன்றாக இரு. எவ்வளவு தூரத்தில் இருக்கிறாய் என்பதை மட்டும் அவரிடம் சொல்லிவிடு.

உன் தங்கை