எண்ணெய் முதலாளி

14.11.1980, வெள்ளி

அப்பாவின் வேலை போகவில்லை. இதை முதலில் எழுதிவிட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

குழந்தைகள் தினப் பேச்சுப் போட்டியில் ஈரான், ஈராக் போரைப் பற்றிப் பேசினேன். "சண்டை நின்றால் ஆயுதம் செய்பவர்களின் வியாபாரம் நின்றுவிடும். எண்ணெய் முதலாளிகளுக்கோ அடுத்தவன் கிணறு வேண்டும். மந்திரிகள் வாய் திறப்பதற்குள் இவர்கள் போருக்கு நாள் குறித்துவிடுகிறார்கள்!" என்று கையை நீட்டி முழங்கினேன்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. என் கை நீண்ட பக்கம் சிறப்பு விருந்தினர் உட்கார்ந்திருந்தார். கடலை எண்ணெய் மில்காரர். சங்ககிரியில் அவருக்குப் பெயரே எண்ணெய் முதலாளிதான். அப்பா ஓட்டுவது அவருடைய லாரி. மீதிப் பேச்சு எனக்கு மறந்தே போயிற்று.

ஆறுதல் பரிசு கொடுக்கும்போது கேட்டார்: "ஏஞ்சாமி, நான் கடலைக்கொட்டை ஆட்டறவன். எந்த நாட்டு மேல படையெடுத்தேன்?"

"ஐயோ, அது பூமிக்கடியில எடுக்கற எண்ணெய்ங்க. உங்களைச் சொல்லலீங்க."

வயிறு குலுங்கச் சிரித்தார். "உங்கப்பனை லாரியில பீரங்கி ஏத்தச் சொல்றேன், இரு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா அங்க சண்டைன்னதும், டீசல் கெடைக்காதுன்னு சொல்லி நானும் எண்ணெ டின்னு வெலைய ஏத்தீட்டேன். அதையும் பேச்சுல சேத்திக்க."

அப்பா சிரித்துக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தார். திங்கட்கிழமை ஆத்தூர் லோடு அவருக்குத்தானாம்.

பேச்சுத் தாளில் 'எண்ணெய்' என்பதைப் 'பெட்ரோல்' என்று திருத்தப் பேனாவை எடுத்தேன். பிறகு அப்படியே விட்டுவிட்டேன்.