பதினேழு படிகள்

பாஸ்டன்,
செப்டம்பர் 12, 1961

அன்புள்ள தெல்மா அக்காவுக்கு,

இங்கே நான் சுகம், பாஸ்டன் மழைக்குத்தான் ஓய்வில்லை. நீ பணிப்பெண்ணாக வந்தாயே, அந்தப் படத்தை இப்போது மேடை இசை நாடகமாக்குகிறார்கள். நியூயார்க் போகுமுன் இங்கே சில வாரம் ஆடிப் பார்க்கிறோம். அதே பணிப்பெண் வேஷம் எனக்கு. தட்டோடு பதினேழு படியும் உருண்டு, எழுந்து, வணங்கிவிட்டு ஆட வேண்டும். உன் பெயரைச் சொன்னதுமே டைரக்டர் ஹார்க்கர் மற்ற பெண்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

எட்டு வயதில் அந்தப் படத்தை ஆறு தடவை பார்த்து, "அது எங்கக்கா" என்று கத்தினவள் நான். எப்படி விழுந்தாய் என்று விவரமாக எழுது. நீ ஒரு தடவைதான் விழுந்தாய். எனக்கு வாரத்துக்கு எட்டுத் தடவை.

உன் செல்லத் தங்கை,
கோரின்

லாஸ் ஏஞ்சல்ஸ்,
செப்டம்பர் 16

கோரின் கண்ணு,

உன் கடிதத்தை அக்கம்பக்கம் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். விழுவதைப் பற்றி என்ன எழுத? தாடையை நெஞ்சோடு ஒட்டி வை, உடம்பைத் தளர விடு. பதினைந்து வருஷம் ஆயிற்று, மறந்துவிட்டது. கீழே மெத்தை கட்டாயம் போடச் சொல். பாட்டெல்லாம் எப்படி? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

அன்புடன்,
தெல்மா

பாஸ்டன்,
செப்டம்பர் 22

அன்பு அக்காவுக்கு,

பாட்டு அருமை, மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். நான் கேட்டதற்குத்தான் நீ பதில் எழுதவில்லை. அதில் எனக்கு வருத்தம்.

பத்தாவது படியைத் தாண்டினால் உடம்பு என் பேச்சைக் கேட்பதில்லை. நேற்று இடது கை மரத்துப்போய் மாலைவரை சீப்பைப் பிடிக்க முடியவில்லை. கீழே இருக்கிற ஒரே மெத்தையையும் அடுத்த வாரச் சனிக்கிழமை, பத்திரிகைக்காரர்கள் வரும் அன்று, எடுத்துவிடுவார்களாம். பால்கனியிலிருந்து தெரிகிறதாம். பயமாயிருக்கிறது என்றேன். "ஒங்கக்கா ஒரே மூச்சுல உருண்டு எழுந்தா. மெத்தையா கேட்டா? நீ அவகூடப் பொறந்தவதானா?" என்று எல்லோர் எதிரிலும் கேட்டார் ஹார்க்கர். சிரித்து வைத்தேன்.

இப்போதெல்லாம் அந்தப் படிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன். மெத்தையில்லாமல் நீ எப்படி விழுந்தாய்? இதற்காவது பதில் எழுது.

உன்,
கோரின்

லாஸ் ஏஞ்சல்ஸ்,
செப்டம்பர் 26

கண்ணு,

மூன்று தடவை போனைக் கையில் எடுத்தேன். உன் குரலைக் கேட்டால் மறுபடி பொய்தான் சொல்வேன். அதனால் எழுதுகிறேன்.

நான் விழுந்தது மேலே நான்கு படி மட்டும். அங்கே கேமராவை நிறுத்தினார்கள். மிச்சப் பதின்மூன்று படியும் உருண்டவள் என்னுடைய கவுனைப் போட்டுக்கொண்ட மார்வா என்ற பெண். அவள் எழுந்திருக்கவில்லை. அவளைத் தூக்கிப் போன பிறகு அதே இடத்தில் என்னைப் படுக்க வைத்தார்கள். நான் எழுந்து வணங்கினேன், ஊரே சிரித்தது. மார்வா இன்றும் சக்கர நாற்காலியில்தான் இருக்கிறாள்.

நீ "எங்கக்கா" என்று கத்தினபோதே சொல்லியிருக்க வேண்டும். உன் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. வெட்கங்கெட்டவள் நான், என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். ஆனால் அந்தப் படியில் ஏறாதே. இந்தக் கடிதத்தை ஹார்க்கரிடம் காட்டு. சனிக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும்.

உன் அக்கா,
தெல்மா

பாஸ்டன்,
செப்டம்பர் 27, புதன் மத்தியானம்

அன்பு அக்காவுக்கு,

உன் பதில் இன்னும் வரவில்லை. பரவாயில்லை, இனி வேண்டாம். காலையில் வந்து பார்த்தால் மெத்தையைக் காணோம். "சனிக்கிழம வரைக்கும் எதுக்கு? இன்னைக்கு மத்தியானமே பழகிக்கோ" என்கிறார் ஹார்க்கர்.

முடியாது என்று சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்விட்டேன். அப்போது, படத்தில் நீ எழுந்து தொப்பியைச் சரிசெய்தாயே, அது ஞாபகம் வந்தது. திரும்பி வந்துவிட்டேன். அக்கா செய்ததைத் தங்கையால் செய்ய முடியாதா என்ன?

கூப்பிடுகிறார்கள். காட்சி முடிந்து வந்து, மிச்சத்தை எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.