அவர் ஏறாத நாள்

2020 ஏப்ரல் 5, ஞாயிறு

கட்டட வேலையை நிறுத்தி இது இரண்டாவது வாரம். எல்லாரும் வீட்டுக்குள் இருக்கிறார்கள், என்னைத் தவிர. மருத்துவமனைத் துணிகளை வேறு யார் துவைப்பது? நான் நாளெல்லாம் ஆவியில் நின்றுவிட்டு வந்தால், இவர் கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறார். கிரேன் கேபினுக்குள் உட்கார்ந்து, அத்தனை மாடி உயரத்திலிருந்து இரும்பு உத்தரங்களைப் பூப்போல இறக்கி வைக்கிற மனிதர்! “சத்தமே இல்லாம திறக்குது பாரு” என்று கதவை ஆட்டிக் காட்டினார். சிரித்தோம்.

சாயங்காலம் பால்கனியில் ஒரு கிளாஸ் எடுத்துக்கொண்டார். வழக்கமாகச் சனிக்கிழமை மட்டும்தான். போகட்டும், பொழுது போக வேண்டாமா? எனக்கும் ஒரு வாய் கொடுத்தார். ஒரே கசப்பு.

ஏப்ரல் 23

இந்த வீட்டில் எல்லா நாளும் சனிக்கிழமை ஆகிவிட்டது.

ஜூன் 14, ஞாயிறு

பகல் சாப்பாட்டுக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடுகிறார். செருப்பு அலமாரியில், என் மழைக்கால பூட்ஸுக்குள் ஒரு பாட்டில் இருந்தது. பார்த்தேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஏன்? பயமா? யாருக்கு யாரிடம் பயம்?

வேலையில் துணி மடிக்கும் அக்கா ஒன்று சொன்னாள். அவள் வீட்டுக்காரர் நோய்க்காலம் தொடங்கியதிலிருந்து அதைத் தொடுவதே இல்லையாம். நாலு பேரோடு உட்கார்ந்தால்தான் அவருக்கு உள்ளே இறங்கும், தனியாகக் குடித்தால் இருமல் மருந்து மாதிரி இருக்கிறதாம். அதே நோய்தான். அவள் வீட்டைவிட்டுப் பாட்டில் கிளம்பிப் போனது, எங்கள் வீட்டில் வந்து குடியேறிவிட்டது. இவருக்குத் தரையில் இருக்கத் தெரியவில்லை, அதுதான் விஷயமோ என்னவோ.

ஆகஸ்ட் 19

மகளுக்கு ஆன்லைன் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது இவர் தள்ளாடிக்கொண்டே பின்னால் நடந்து போயிருக்கிறார். மொத்த வகுப்பும் பார்த்திருக்கிறது. அவள் அழவில்லை. சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, “அப்பா எப்பம்மா வேலைக்குப் போவாரு?” என்று மட்டும் கேட்டாள். அவர் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். காதில் விழுந்தது. எழுந்து போய்விட்டார்.

எனக்கு ஆத்திரம் தாங்கலை. நாளெல்லாம் யாரோட அழுக்கையெல்லாமோ துவைச்சிட்டு வர்றேன், வீட்டுக்குள்ள வந்தா இது. யார்கிட்டப் போய்ச் சொல்ல?

அக்டோபர் 12, திங்கள்

நாளையிலிருந்து வேலை. சட்டையை அவரே இஸ்திரி போட்டார். “இனிமே எல்லாம் சரியாயிடும்” என்றார். நம்பினேன். ஆனால் நான் தூங்கப் போகும்போது பால்கனியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அக்டோபர் 13, செவ்வாய்

இதை இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

இன்று எனக்கு விடுப்பு. மதியமே திரும்பி வந்துவிட்டார். ஷூவைக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்து, “ஏறல” என்றார். அவ்வளவுதான். வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் நெட்டையிடமிருந்து போன். கீழே நின்று கொக்கியில் சுமை கட்டுகிறவர், இவருடைய பழைய கூட்டாளி. அவர் சொல்லித்தான் தெரிந்தது. குடித்திருக்கிறார்களா என்று தினமும் காலையில் எல்லாரையும் ஊதிப் பார்க்கச் சொல்லும் கருவி ஒன்று உண்டு. வாய் வழியாக நோய் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து இப்போது அதை எடுத்து வைத்துவிட்டார்களாம். முகக்கவசம் வேறு, வாடைகூட வெளியே வராது. இவர் ஏணிவரை போயிருக்கிறார். முதல் படியைப் பிடித்திருக்கிறார். கீழே நிற்கிற ஆட்களை ஒரு முறை திரும்பிப் பார்த்திருக்கிறார். பிறகு நேராக மேற்பார்வையாளரிடம் போய், எல்லார் காதிலும் விழும்படி, “ராத்திரி குடிச்சேன். இன்னும் தெளியல. இன்னிக்கு நான் ஏறக்கூடாது” என்று சொல்லியிருக்கிறார்.

“யாரும் கேக்கல அண்ணி” என்றார் நெட்டை. “அவரா சொன்னாரு. அவர் கொக்கிக்குக் கீழதான் நான் நின்னேன்.”

போனை வைத்துவிட்டுச் சமையலறையில் கொஞ்ச நேரம் அழுதேன். குடித்ததாக நாலு பேர் முன்னால் ஒப்புக்கொண்ட புருஷனை நினைத்து ஒருத்தி பெருமைப்படலாமா? பட்டுவிட்டேன். கல்யாணமான நாளில்கூட இவ்வளவு பட்டதில்லை.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“வேல போயிடும்” என்றார்.

“போனா போகட்டும். அங்க நின்னவங்க எல்லாரும் இன்னிக்கு முழுசா வீட்டுக்குப் போவாங்க.”

அப்போதுதான் ஷூவைக் கழற்றினார். “எனக்கு இத விடத் தெரியல, ஒத்தாசை பண்ணு” என்றார்.

அக்டோபர் 15

நாத்தனார் பேசினார். வாயை மூடிக்கொண்டு ஏறியிருந்தால் யாருக்குத் தெரியும், குடும்ப மானம் கப்பலேறிவிட்டது என்று ஒரு மூச்சு. இத்தனை வருஷத்தில் அவரை நான் எதிர்த்துப் பேசியதில்லை. இன்று பேசினேன். “உங்க தம்பி ஏறாம இருந்தாரே, அதாங்க்கா மானம்.” சொல்லிவிட்டு நானே போனை வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது!

அக்டோபர் 22

வேலை போகவில்லை. ஆனால் டாக்டர் எழுதிக் கொடுக்கும்வரை கேபின் கிடையாது, தரையில் நெட்டையோடு வேலை. சட்டென்று நிறுத்துவது ஆபத்து என்று டாக்டர் மாத்திரை கொடுத்து, இவரைக் குடியிலிருந்து கவனமாக இறக்குகிறார். வியர்வை, நடுக்கம். தேநீர் கோப்பையை இரண்டு கையாலும் பிடிக்கிறார். மேலேயிருந்து ஊரையே பார்த்தவர், இனி கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும். முணுமுணுக்காமல் போகிறார்.

2021 ஜனவரி 3, ஞாயிறு

வழுக்கிவிட்டார், மறுபடி குடித்திருக்கிறார். எனக்குத் தெரிந்திருக்காது, விடிந்ததும் அவரே வந்து சொன்னார். கத்தினேன். என்ன மனுஷன் இவரு, எத்தன தடவ முதல்லேர்ந்து ஆரம்பிக்கறது? நான் கத்தி ஓயும்வரை நின்றுகொண்டிருந்தார். அப்புறம் என் எதிரிலேயே டாக்டருக்கு போன் போட்டார்.

இந்தத் தடவை பூட்ஸுக்குள் எதையும் ஒளித்து வைக்கவில்லை.

மே 9

மறுபடியும் ஊரடங்கு. மறுபடி பால்கனியா என்று பயந்தேன். இல்லை. தரையில் நின்று கிரேனுக்குக் கையால் சைகை காட்ட மகளுக்குக் கற்றுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். தூக்கு, மெதுவாக, நிறுத்து. இவள் சோபாமேல் நின்று காட்டுகிறாள், இவர் கனமான எதையோ தூக்குவது போல என் தலையணையைத் தூக்கி நகர்த்துகிறார். ‘நிறுத்து’ காட்டியும் நிறுத்தவில்லை, என் தலைமேல் இறக்கிவிட்டார். மூவருக்கும் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது.

ஆகஸ்ட் 2, திங்கள்

இன்று ஏறினார்.

செப்டம்பர் 26, ஞாயிறு

காலையில் யாரோ கதவைத் தட்டினார்கள். முன்பின் பார்த்திராத ஒரு தம்பதி. கணவர் வேறொரு கட்டடத்தில் கிரேன் ஓட்டுகிறவராம். முகம் வீங்கியிருந்தது, கைகளைப் பாக்கெட்டிலிருந்து எடுக்கவே இல்லை. இவர் ஒன்றும் கேட்கவில்லை. “வாங்க, உக்காருங்க” என்று ஜன்னலோரம் அழைத்துப் போனார். இருவரும் வெகுநேரம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெண் என்னோடு சமையலறைக்கு வந்தாள். தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும்வரை தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, யாருக்கும் கேட்கக்கூடாது என்பது போல, “யாரும் கேக்காமலே, குடிச்சிருக்கேன், ஏற மாட்டேன்னு ஒருத்தர் சொன்னாராமே. அது உங்க வீட்டுக்காரரா?” என்றாள்.

“ஆமா” என்றேன். முன்னறைக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன். “இவருதான்.”