நூலால் போட்ட தாழ்ப்பாள்

பெரியவன் அம்மாவுக்கு,

படுக்கையறைக் கதவு உள்பக்கம் தாழ் போட்டிருக்கிறது. பயந்துவிடாதே, உள்ளே யாரும் இல்லை. நான்தான் வெளியே நின்று போட்டேன்.

நேற்று டிவியில் அந்தப் பழைய துப்பறியும் தொடரில், கொலைகாரன் தாழ்ப்பாளில் நூலை மாட்டி, கதவு இடுக்கு வழியாக வெளியே நின்று இழுத்தானே. "இதெல்லாம் டிவியிலதான் நடக்கும், உங்க காதுல நல்லா பூ சுத்துறாங்க" என்று நீ சொன்னாய். மாப்பிள்ளையும் கூடச் சேர்ந்து சிரித்தார். என் காதில் எவனும் பூச்சுற்ற முடியாது. உன் தையல் நூல்தான். முதலில் அறுந்தது, இரட்டையாகப் போட்டதும் தாழ் விழுந்துவிட்டது.

வெளியே நின்று திறப்பது எப்படி என்று அந்தக் கொலைகாரன் காட்டவில்லை. போலீஸ்காரர்கள் உதைத்துத் திறந்தார்கள். நம் கதவை உதைக்க எவனையும் விடமாட்டேன்.

மாப்பிள்ளையைக் கையோடு கூட்டி வரப் போகிறேன். அவர் பார்த்து ஒத்துக்கொண்ட பிறகுதான் தச்சரைக் கூப்பிடுவேன். அதுவரை கதவில் கை வைக்காதே, அதுதான் சாட்சி. பக்கத்து வீட்டுக்காரனிடம் மூச்சு விடாதே, தெரு முழுக்கச் சொல்லிவிடுவான்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். எனக்காகக் காத்திருக்காமல் சாப்பிடு.

சிரிப்பதானால் இப்போதே சிரித்து முடித்துவிடு. மாப்பிள்ளை எதிரில் வேண்டாம்.

இன்னொன்று. உன் மூக்குக்கண்ணாடி உள்ளே கட்டில்மேல் மாட்டிக்கொண்டது. அதனால்தான் காலண்டர் தாள்களைக் கிழித்து இவ்வளவு பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். அதற்காக நான் தோற்றுவிட்டேன் என்று நினைக்காதே.